இரண்டாம் தாரம் முடிசூடிய கதை: இசைச் சொற்களிலிருந்து கற்பனை உலகுக்குப் பெயர் வைப்பது எப்படி?

என் ஃபேண்டஸி நாவலின் பதினோராவது அத்தியாயத்தில் ஓர் அரசி முடிசூடுகிறாள். ஏழு அரச குடும்பங்களுக்கு ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களைச் சூட்டியிருந்தேன்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். அரசியின் பெயர் தாரம். அவள் பாட்டியின் பெயரும் அதுதான். எனவே, "மழை ஓய்ந்த அன்று இரண்டாம் தாரம் அரியணை ஏறினாள்" என்று எழுதிவிட்டு, நல்ல வரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படித்துப் பார்க்கக் கொடுத்த நண்பர் இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். "அது சரி, முதல் தாரம் என்ன ஆனாள்?" என்றார். அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

அதன் பிறகு பெயர்களைத் திரும்ப வைத்து, வரைபடத்தை மாற்றி, அத்தியாயங்களைத் திருத்தி முடிக்க நான்கு மாதம் போயிற்று. வரிசையாகச் செய்திருந்தால் மூன்று வார மாலைகளில் முடிந்திருக்கும் வேலை. உங்களுக்கு அந்த நான்கு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்றே பொருள்தான். ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டு, பழைய உரையோடு கூடிய சிலப்பதிகாரம். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அரங்கேற்று காதை, கானல்வரி, வேனிற்காதை, ஆய்ச்சியர் குரவை ஆகிய நான்கு பகுதிகளின் உரையிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட இசைச் சொற்கள் கிடைக்கும். இதுவும் இணையத்தில் இலவசம். மூன்று, ஒரு விரிதாள். நோட்டுப் புத்தகம் வேண்டாம். ஏன் என்பது ஏழாவது படியில் தெரியும்.

பணச் செலவு என்று எதுவும் இல்லை. இசைச் சொற்கள் பொதுச் சொத்து, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். தொடரின் தலைப்பாகவே ஒரு சொல்லை வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், அது வணிகக் குறியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் எண்ணுங்கள் (ஒரு மாலை)

எத்தனை ஊர், எத்தனை குடும்பம், எத்தனை பதவி, எத்தனை மந்திரம்? எண்ணிக்கை தெரியாமல் சொல் தேடப் போனால் அழகான சொற்களாக அள்ளிக்கொண்டு வருவீர்கள். அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காகத் தேவையில்லாத ஊர்கள் முளைக்கும். என் கதையில் 'சாளரபாணி' என்று ஒரு துறைமுகம் உண்டு. அங்கே எந்தக் கப்பலும் வந்ததில்லை. அது ஒரு பண்ணின், அதாவது பழந்தமிழ் ராகத்தின், பெயர். பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

2. சொல்லை எடுக்காதீர்கள், தொகுதியை எடுங்கள் (ஒரு வாரம்)

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இசைச் சொற்கள் தனித்தனியாக வாழ்வதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வரிசையிலோ உறவிலோ இருக்கிறது. தனிச்சொல்லை உருவினால் ஓசை மட்டும் கையில் வரும். தொகுதியாக எடுத்தால், உங்கள் உலகத்துக்கு வேண்டிய ஒழுங்கும் இலவசமாகக் கூடவே வரும். நான் பயன்படுத்திப் பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன்.

பதவிகளுக்கு: ஏழு சுரமும் கொண்டது பண், ஆறு கொண்டது பண்ணியல், ஐந்து கொண்டது திறம், நான்கு கொண்டது திறத்திறம். பேரரசன், சிற்றரசன், தலைவன், ஊர்க்காவலன் என்று சலித்துப்போன படிநிலைக்குப் பதில் இந்த நான்கையும் வைத்துப் பாருங்கள். 'அவன் வெறும் திறத்திறம்' என்று ஒருவன் ஏளனமாகச் சொன்னாலே வாசகருக்குப் புரிந்துவிடும்.

உறவுகளுக்கு: சுரங்களுக்கு இடையே இணை, கிளை, நட்பு, பகை என்று நான்கு உறவுகளைச் சொல்கிறார்கள். குடும்ப அரசியல் எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்று அடுக்கு உலகத்துக்கு: மெலிவு, சமன், வலிவு. கீழ், நடு, மேல் ஸ்தாயிகள். பாதாளத்துக்கு மெலிவு என்று பெயர் வைத்தால் அங்கே இருப்பவர்களின் குரலும் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

பருவம், நாள்காட்டிக்கு: கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்கள் 12 சக்கரங்களாகப் பிரிக்கப்பட்டவை, சக்கரத்துக்கு ஆறு ராகம். இந்து, நேத்திரம், அக்கினி, வேதம் என்று போய் ஆதித்யத்தில் முடியும் சக்கரப் பெயர்களே எண்கள்தாம். நிலவு ஒன்று, கண் இரண்டு, தீ மூன்று, ஆதித்யர் பன்னிருவர். ஆறு நாள் கொண்ட வாரம், பன்னிரண்டு வாரம் கொண்ட பருவம் என்று வைத்தால் பருவத்துக்கு 72 நாள். ஐந்து பருவத்துக்கு 360. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய குடும்பங்களுக்கு: ஏழு சுரங்களுக்குள் அடங்கும் நுண்ணிய ஒலிநிலைகளான 22 சுருதிகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தீவ்ரா, குமுத்வதி, மந்தா, சந்தோவதி என்று தொடங்கி உக்ரா, க்ஷோபிணியில் முடியும். ஏழு சுரங்களுக்கும் 4, 3, 2, 4, 4, 3, 2 என்று இவை பிரிகின்றன. எந்த வீட்டில் எத்தனை சகோதரிகள் என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது, நான் நான்கு மாதம் இழந்தாலும் கடைசியில் எனக்குக் கிடைத்த புதையலைச் சொல்கிறேன். பழந்தமிழிசையில் பண்ணுப்பெயர்த்தல் என்று ஒரு முறை இருக்கிறது. ஏழு சுரங்களும் அதே இடத்தில் அப்படியே இருக்கும். எதைக் 'குரல்', அதாவது தொடக்கச் சுரம், என்று கொள்கிறோமோ அதைப் பொறுத்துப் பாலை, அதாவது சுர அமைப்பு, மாறும். குரலே குரலானால் செம்பாலை. துத்தம் குரலானால் படுமலைப்பாலை. கைக்கிளைக்குச் செவ்வழிப்பாலை, உழைக்கு அரும்பாலை, இளிக்குக் கோடிப்பாலை, விளரிக்கு விளரிப்பாலை, தாரத்துக்கு மேற்செம்பாலை.

இதை நாடாக்கிப் பாருங்கள். வளைகுடாவைச் சுற்றி ஏழு நகரங்கள். ஒவ்வோர் ஆட்சியிலும் தலைநகர் அடுத்த நகருக்கு நகர்கிறது. நகரங்கள் நகரவில்லை, ஆனால் நாட்டின் பெயர் மாறுகிறது. நேற்று செம்பாலை, இன்று படுமலை. எந்த நகரம் யாருக்குப் பகை, யாருக்குக் கிளை என்பதும் மாறுகிறது. கதையின் பாதிப் பூசல் இதிலிருந்தே வந்தது. ஏழு அழகான சொற்களை மட்டும் பொறுக்கியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

மனிதர்களுக்குச் சுரத்தின் பெயரை வைப்பது செயற்கையாகத் தோன்றுமோ என்று தயங்க வேண்டாம். ஆய்ச்சியர் குரவையில் ஆயர்குல முதியவள் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல் முதல் தாரம் வரை பெயரிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறாள். குரலை மாயவன் என்கிறாள், இளியை அவன் அண்ணன் என்கிறாள், துத்தத்தை அவன் காதலி நப்பின்னை என்கிறாள். நமக்கு முன்பே ஒருத்தி செய்துவிட்டாள்.

3. இன்றைய பொருளைப் பாருங்கள் (மூன்று மாலை)

லெக்சிகனில் ஒவ்வொரு சொல்லையும் தேடி, இசைப் பொருளைத் தவிர மற்ற எல்லாப் பொருளையும் எழுதுங்கள். அப்புறம் லெக்சிகனை மூடிவிட்டு, தெருவில் அந்தச் சொல் என்னவாக இருக்கிறது என்று யோசியுங்கள். என்னை விழவைத்தவை இவை:

தாரம்: மனைவி. கதை தெரியும்.

இளி: பல்லை இளிப்பது. 'இளி நகரம் கண்முன் விரிந்தது' என்று எழுதிப் பாருங்கள்.

துத்தம்: மயில்துத்தம் என்ற நச்சு உப்பு நினைவுக்கு வரும்.

உழை: வேலை செய் என்ற கட்டளை.

தூக்கு: பழைய தாள அளவுகள் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்று நான்கு. அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை. நான்கு காவலர்களுக்கு இவற்றைப் பெயராக வைத்தேன். 'அரசன் தூக்கை அனுப்பினான்' என்றதும் ஒருவர் மரண தண்டனை என்று நினைத்துவிட்டார்.

யாழ் வாசிக்கும் கைத்தொழில்கள் எட்டு: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. விரல் அசைவில் மந்திரம் பிறக்கும் உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொகுதி இல்லை. வார்தல் சுட்டுவிரலின் வேலை, வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்து செய்வது. ஆனால் 'அவள் வடித்தாள்' என்றால் சோறு. 'மந்திரவாதி உருட்டினான்' என்றால் என்ன அர்த்தம் என்று இளைஞர் யாரைக் கேட்டாலும் சொல்வார். நான் வினையாக எழுதுவதை விட்டுவிட்டு, 'வடித்தல் என்னும் முத்திரை', 'உருட்டலைப் பிடித்தான்' என்று பெயராகவே நிறுத்தினேன். பாதி சிரிப்பு அடங்கியது. உருட்டல் மட்டும் அடங்கவில்லை. கடைசியில் அதை ஒரு போலி மந்திரவாதிக்கே கொடுத்துவிட்டேன்.

இரட்டைப் பொருள் எப்போதும் இடைஞ்சல் அல்ல. இளி நகரத்துக்கு மாற்றுப் பெயர் தேடியபோது, இளிக்குப் 'பட்டடை' என்றும் ஒரு பெயர் உண்டு, எல்லாப் பண்ணுக்கும் அது அடிமணை என்று உரையில் இருந்தது. பட்டடை என்றால் கொல்லரின் அடைகல்லும்கூட. அந்த நகரம் உடனே கொல்லர் நகரமானது. இரவெல்லாம் சம்மட்டிச் சத்தம் கேட்கும் ஊர். மற்ற ஆறு நகரங்களும் அதன் தாளத்தில்தான் நாழிகை பார்க்கின்றன. எட்டு முத்திரைகளிலும் ஒரு பட்டடை இருந்ததால், அது இந்த ஊரில்தான் கற்பிக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டேன்.

4. வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள் (ஒரு மாலை)

தமிழில் பெயர் சும்மா நிற்காது. ஐ, ஆல், கு, இல், இருந்து எல்லாம் வந்து ஒட்டும். பட்டியலில் அழகாக இருந்த பெயர் வாக்கியத்தில் பல்லை உடைக்கும். ஒவ்வொரு பெயரையும் ஐந்து வாக்கியத்தில் போட்டு வாய்விட்டுப் படியுங்கள்.

யாழின் தண்டில் நரம்பைக் கட்டும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். மலைக்கோட்டைக்கு வைத்தேன். 'திவவில் இறங்கி, திவவுக்கு மேற்கே' என்று மூன்று முறை சொன்னால் குழந்தை மழலை பேசுவதுபோல் இருந்தது. தூக்கிப் போட்டேன்.

யாழின் உடற்பகுதி பத்தர். அதை ஓர் ஊருக்கு வைத்தால், 'பத்தர் தீப்பற்றி எரிந்தது' என்ற வரியில் வாசகர் ஒரு கணம் ஒரு மனிதரை எரித்துவிடுவார். 'அர்' என்று முடியும் எதையும் ஊருக்கு வைக்காதீர்கள்.

'அம்' என்று முடிபவை 'அத்து' ஏற்கும். இந்தளம், இந்தளத்துக்கு. ஊருக்கும் ஆற்றுக்கும் இது பாந்தம். போர்வீரனுக்கு வைத்தால் 'கௌசிகத்தை வெட்டினார்கள்' என்று ஏதோ மரத்தைச் சொல்வதுபோல் ஆகும். சண்முகமும் சுந்தரமும் நாம் பழகிவிட்டதால் தப்பித்துக்கொண்டன. மனிதர்களுக்கு சாதாரி, தக்கேசி, செந்துருத்தி போல இகரத்தில் முடிபவை நன்றாக உட்காருகின்றன. புறநீர்மை என்ற பண் பெயரை ஓர் ஆற்றுக்கு வைத்தேன். எந்த உருபு வந்தாலும் ஓடுகிறது.

5. யார் பெயர் எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவெடுங்கள் (இரண்டு மாலை)

ஒரே நாட்டில் மேற்செம்பாலையும் க்ஷோபிணியும் அலெக்ரோவும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால் வாசகருக்கு உலகம் பிடிபடாது. ஒரு மக்களுக்கு ஒரு களஞ்சியம் என்று பிரித்துவிடுங்கள். நான் வளைகுடா மக்களுக்குக் கிரந்த எழுத்தே வராத பழந்தமிழ்ச் சொற்களையும், மலை மக்களுக்கு வடமொழிச் சுருதிப் பெயர்களையும், கடல் கடந்து வருபவர்களுக்கு மேற்கத்திய இசைச் சொற்களையும் கொடுத்தேன். தமிழ் மரபில் ட, ர, ல சொல்லின் முதலில் வராது. எனவே லார்கோ, லிடியன் என்று தொடங்கும் பெயரைக் கேட்டதும் 'இவன் வெளியூர்க்காரன்' என்று காதே சொல்லிவிடும். விளக்கம் எழுத வேண்டியதில்லை.

மேற்கத்தியச் சொற்களில் வேறு வகைப் பள்ளங்கள். டெம்போ என்றால் நமக்குச் சரக்கு வண்டி. சொனாட்டா கைக்கடிகாரம். அலெக்ரோ அழகுதான், ஆனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அலெக்ரா மாத்திரை ஞாபகம் வரும். ஃபெர்மாட்டா, அதாவது சுரத்தை நீட்டி நிறுத்தும் குறி, காலம் உறைந்த காட்டுக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. ஆனால் சிலர் 'பெர்மாட்டா' என்றார்கள், சிலர் ஆய்த எழுத்தைப் பார்த்ததும் தயங்கினார்கள். லார்கோ, அடாஜியோ, அந்தாந்தே, அலெக்ரோ, பிரெஸ்டோ என்று மெதுவிலிருந்து வேகத்துக்குப் போகும் வரிசையைத் தூதர்களின் தரத்துக்கு வைத்தது மட்டும் நிலைத்தது.

சங்கேத எழுத்து வேண்டுமென்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. மேளகர்த்தா பெயர்களின் முதல் இரண்டு எழுத்தில் அந்த ராகத்தின் எண், எழுத்துக்கு ஓர் எண் தரும் கடபயாதி முறைப்படி ஒளிந்திருக்கிறது. மேசகல்யாணியில் ம 5, ச 6. திருப்பினால் 65. மாயாமாளவகௌளையில் ம 5, ய 1. திருப்பினால் 15. ஊர்ப் பெயரிலேயே புதையலின் எண்ணை மறைக்கலாம் என்று குதித்தேன். ஆனால் தமிழ் எழுத்தில் இது உடையும். தீரசங்கராபரணத்தின் முதல் எழுத்து வடமொழியின் நான்காவது தகரம், அதற்கு எண் 9. முதல் தகரத்துக்கு 6. நாம் இரண்டையும் ஒரே 'த' என்றுதான் எழுதுகிறோம். ம, ய, ர, ல, வ போன்ற குழப்பமில்லாத எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. உயிரோடு இருப்பவர்களின் பெயரா என்று பாருங்கள்

ராகப் பெயர்களில் பாதி நம் அத்தைகளின் பெயர். கல்யாணி, பைரவி, ரஞ்சனி. நெருப்பு கக்கும் டிராகனுக்குக் கல்யாணி என்று வைத்தால் அது டிராகனாக நிற்காது. காபியை மட்டும் தொடவே தொடாதீர்கள். காந்தாரம் என்றதும் காந்தாரி வந்து நிற்பாள். அதிகம் புழங்காத பண் பெயர்களில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று சிரிப்புக்குரியது அல்ல. பறை, துடி, பாண் போன்ற சொற்கள் வெறும் கருவிப் பெயர்களோ கலைப் பெயர்களோ அல்ல. அவற்றை ஒட்டி உண்மையான மக்களின் பெயர்கள் இருக்கின்றன. கொள்ளைக்காரக் கூட்டத்துக்கோ அடிமை இனத்துக்கோ அரக்கர்களுக்கோ இவற்றைச் சூட்டினால், நீங்கள் நினைக்காத ஒன்றைச் சொல்லிவிடுவீர்கள். என் முதல் வரைவில் அப்படி ஒன்று இருந்தது. ஒரு வாசகி அமைதியாக அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதே நாளில் மாற்றினேன். தெய்வப் பெயரோடு வரும் சொற்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

7. பதிவேடும் பூட்டும் (பெயர் முடிவான அன்றே)

விரிதாளில் ஆறு பத்தி போடுங்கள்: பெயர், எந்தத் தொகுதி, இசைப் பொருள், தெருப் பொருள், 'கு' சேர்ந்த வடிவம், முதலில் வரும் அத்தியாயம். பெயரைக் கையால் திரும்பத் தட்டச்சு செய்யாமல் இங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். காரணம் இருக்கிறது. கௌசிகம் என்பதை 'ௌ' போட்டும் அடிக்கலாம், 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' போட்டும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடும்போது ஒன்றுதான் அகப்படும். என் கோப்பில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன.

இனி அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். நண்பரின் போன் வந்த கையோடு, தாரம் என்பதை விளரி என்று மாற்ற முடிவெடுத்தேன். விளரி இரங்கற்பண், கணவனை இழந்த அரசிக்குப் பொருந்தும். குடும்பப் பெயர்களை அடுத்த நாள் சரிசெய்துகொள்ளலாம் என்று 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்தினேன். மறுநாள் காலையில் படித்தால், அமைச்சர் நாட்டின் பொருளாவிளரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கில் ஆவிளரி இல்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். கோயிலில் தசாவவிளரி. கோப்பைச் சேமித்துவிட்டு வேறு மூடியிருந்தேன், பின்வாங்க வழியில்லை. எனவே மொத்தமாக மாற்றும் முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அதே பெயர் ஏற்கனவே வேறு யாருக்கும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். என் கதையில் ஏற்கனவே ஒரு விளரி குடும்பம் இருந்ததால் அரசியை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு மாற்றினேன் என்பது எனக்கே இரண்டு வாரம் புரியவில்லை.

எப்போது பூட்டுவது? மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள். அதற்கு முன் பெயர் மாற்றினால் ஒரு மாலை போகும். வரைபடம் வரைந்த பிறகு மாற்றினால் வரைபவருக்கு மறுபடி கூலி. அட்டை அச்சான பிறகோ ஒலிநூல் பதிவான பிறகோ மாற்றினால், செலவுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும் முன் கடைசியாக ஒன்று. இசையும் தெரியாத, உங்கள் கதையும் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, பெயர்ப் பட்டியலை அவர் வாயால் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் விளக்காதீர்கள். எந்தப் பெயரில் திக்குகிறார், எதில் உதடு ஓரம் துடிக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் 31 பெயர் இருந்தது. படித்தவர் நான்கில் நின்றார். அந்த நான்கையும் மாற்றினேன். உருட்டலில் அவரும் சிரித்தார். அதை அப்படியே விட்டுவிட்டேன்.